ஆறு தறிக் கூலி, ஒருத்தி பெயரில்

ஐயம்பேட்டை
2.12.2025

மஹாலட்சுமிக்கு,

இது மன்னிப்புக் கேட்கும் கடிதம் இல்லை. பிரித்ததும் அப்படி எதையும் இதில் தேடாதே. ஜூலையில் உன் நம்பரை பிளாக் செய்தேன். எடுத்துவிடலாம் என்று நாலைந்து தடவை போனைக் கையில் எடுத்தேன், மனசு வரவில்லை. அதனால்தான் உன் ஆபீஸ் முகவரிக்குக் கூரியர். சேலத்தில் உன் ஆடிட்டர் அடுத்தவர் கவரைப் பிரிக்கிற ஆளாக இருந்தால், ஐயா, இதோடு நிறுத்திவிட்டு அவளிடம் கொடுங்கள்.

விஷயத்துக்கு வருகிறேன். இந்த வருஷம் நான் வருமான வரி ரிட்டர்ன் போடவில்லை. கடைசி நாள் செப்டம்பர் பதினாறு. அது போய் இரண்டரை மாதம் ஆகிறது. நாலு வருஷமாக நீதான் போட்டுக் கொடுத்தாய். இந்தத் தடவை நமக்குள் சண்டை. யூடியூப் பார்த்து நானே போட்டுவிடலாம் என்று உட்கார்ந்தேன். சைட்டுக்குள் போனால் என் பெயரில் பதினெட்டரை லட்சம் ரூபாய் வருமானம் என்று வந்தது. லேப்டாப்பை மூடிவிட்டேன். மறுநாள் திறந்தேன், அதே பதினெட்டரை. அதற்குப் பிறகு தினமும் நாளைக்கு, நாளைக்கு என்றே தள்ளிவிட்டேன்.

என் சம்பாத்தியம் உனக்குத் தெரியும். பெங்களூர் கம்பெனிக்குப் புடவை டிசைன் போட்டுக் கொடுத்து வருஷத்துக்கு ஐந்து லட்சம்கூட வராது. மீதி என்னுடையது இல்லை. போன வருஷம் ஏப்ரலில் இருந்து அந்தக் கம்பெனிக்கு நெய்கிற ஆறு தறிக்காரர்களின் கூலியும் என் கணக்கில்தான் வந்தது. நான் எடுத்து ரொக்கமாகக் கொடுப்பேன். எனக்குத் தரும் டிசைன் காசில் பத்து சதவீதம் வரி பிடிக்கிற மாதிரியே அவர்கள் கூலியிலும் பிடித்துவிட்டார்கள். புடவைக்கு எட்டாயிரத்து ஐந்நூறு கூலி என்றால் எண்ணூற்றைம்பது போய்விடும். "ரிட்டர்ன் போட்டா திரும்பி வரும், நான் வாங்கித் தர்றேன்" என்று ஆறு பேருக்கும் வாக்குக் கொடுத்திருக்கிறேன்.

இப்போது அந்த ஆறு பேர் இருக்கிற பிள்ளையார்பாளையத்தில் நான் நடந்து போனால் தறிச் சத்தம் நிற்கிறது. நான் காசைத் தின்றுவிட்டேன் என்று பேச்சு. அந்த ஆறில் ஒருவர் உன் அப்பா.

இன்னும் ஏதாவது வழி இருக்கிறதா? சிநேகிதத்துக்காகச் செய்ய வேண்டாம். உன் ஃபீஸ் எவ்வளவு என்று எழுது.

சுகாசினி


சேலம்
5.12.2025

சுகாசினி,

ஆடிட்டர் பிரிக்கவில்லை. அவருக்கு டிசம்பரில் சொந்தக் கவரைப் பிரிக்கவே நேரமில்லை.

முதலில் மூச்சு விடு. எல்லாம் போய்விடவில்லை. கடைசித் தேதியைத் தவறவிட்டவர்கள் டிசம்பர் 31 வரை தாமத ரிட்டர்ன் போடலாம். மொத்த வருமானம் ஐந்து லட்சத்துக்குள் இருந்தால் ஆயிரம் ரூபாய் அபராதம், அதற்கு மேல் போனால் ஐயாயிரம். பிடித்த வரியையும் திரும்பக் கேட்கலாம். அந்தத் தேதியும் போனால்தான் ஆபத்து. அதற்குப் பிறகு புதுப்பித்த ரிட்டர்ன் என்று ஒன்று இருக்கிறது. ஆனால் அதில் காசு கட்டத்தான் முடியும், ரீஃபண்ட் கேட்க முடியாது. தாமதத்தை மன்னிக்கச் சொல்லி மனுப் போட்டு வருஷக்கணக்கில் காத்திருக்க வேண்டும். உன் ஆறு பேர் அதுவரை சும்மா இருக்க மாட்டார்கள்.

பதினெட்டரை லட்சத்தைப் பார்த்து பயப்படாதே. அவ்வளவையும் வரவாகக் காட்டி, தறிக்காரர்களுக்குக் கொடுத்த கூலியைச் செலவாகக் கழிக்க வேண்டும். ரிட்டர்னோடு எந்தக் காகிதமும் இணைக்க வேண்டாம், ஆனால் கேட்டால் காட்டக் கையில் இருக்கவேண்டும். யாருக்கு, எந்தத் தேதியில், எவ்வளவு. பேங்க் ஸ்டேட்மென்ட்டும் அந்தக் கூலிக் கணக்கும் அனுப்பு.

ஒன்று மட்டும் எனக்குப் புரியவில்லை. அடுத்தவர் கூலியை உன் கணக்கில் வாங்கச் சொல்லி உனக்கு யோசனை கொடுத்தது யார்? பட்டுப் புடவைக்குக் கோடு பிசகாமல் டிசைன் போடுகிறவள், இதில் இப்படியா?

ஜூலையில் நான் ஒரே ஒரு கேள்வி கேட்டேன். "இல்லை" என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அன்றே முடிந்திருக்கும். நீ போனை வைத்தாய். ஃபீஸ் பற்றி எழுதினாயே, அதைப் படித்து எனக்கு வந்த கோபத்தை இங்கே எழுதினால் ஆபீஸ் பேப்பர் வீணாகும்.

மஹா


ஐயம்பேட்டை
9.12.2025

மஹா,

ஸ்டேட்மென்ட் நாற்பத்தோரு பக்கம். பேங்க்கில் பிரிண்ட் எடுத்த பெண் என்னைப் பெரிய ஜவுளி வியாபாரி என்று நினைத்து நாற்காலி எல்லாம் போட்டாள்.

கூலிக் கணக்கு என்னிடம் இல்லை. ரொக்கம் கொடுக்கும்போது அவரவர் தறி நோட்டில்தான் எழுதிக் கையெழுத்துப் போட்டேன். நோட்டு அவர்கள் வீட்டில். முதலில் பட்டம்மாள் அக்காவிடம் போனேன். ஆறு பேரில் என்னிடம் முகம் கொடுத்துப் பேசுகிற ஒரே ஆள் அவர்தான்.

"நோட்டா? அதுல என்னாமா இருக்குது? தேதியும் கூலியுந்தான்."

"அதுதான்க்கா வேணும்."

"குடுக்கிறேன். ஆனா எங்க காசு எப்ப வரும்? இவுரு டெய்லி கேட்டுக்கினே இருக்காரு. பெங்களூர்காரன் வரி புடிக்கவே இல்ல, அந்தப் பொண்ணு ஒரு பிளாட் பார்த்துக்கினு இருக்குதுன்னு தெருவுல சொல்றாங்க."

பிளாட்! எங்கே என்று கேட்டேன், அந்தப் பக்கம் போகும்போது நானும் பார்த்துவிட்டு வரலாம் இல்லையா. வாலாஜாபாத்தாம்.

யோசனை யார் கொடுத்தது என்று கேட்டாய். சொல்ல மாட்டேன்.

நீ கேட்டது ஒரே ஒரு கேள்விதான். அதை இங்கே எழுதிப் பார்க்கட்டுமா? "எங்கப்பா காசை நீ எடுத்துக்கினியா?" ஆறாம் வகுப்பில் இருந்து உன் பக்கத்தில் உட்கார்ந்தவள் நான். நீ சேலத்துக்கு வேலைக்குப் போனபோது உன் ரூம் டெபாசிட் பணத்தை என் வளையலை அடகு வைத்துக் கட்டியவள். அந்தக் கேள்விக்கு "இல்லை" என்று பதில் சொல்கிற இடத்தில் நான் நிற்க மாட்டேன். இப்போது கேட்டாலும் போனை வைத்துவிடுவேன்.

சுகா


சேலம்
13.12.2025

சுகா,

வளையலை மறக்கவில்லை.

ஸ்டேட்மென்ட் பார்த்தேன். எனக்கு இப்போது ஒரே ஒரு பயம். ஒரே நாளில் ஒரே ஆளுக்குப் பத்தாயிரத்துக்கு மேல் ரொக்கமாகக் கொடுத்திருந்தால் அதைச் செலவாகக் கழிக்க விடமாட்டார்கள். நீ பேங்க்கில் நாற்பதாயிரம், ஐம்பதாயிரம் என்று மொத்தமாக எடுத்திருக்கிறாய். தீபாவளிக்கு முன்னால் எண்பதாயிரம். அதை யாருக்கு எப்படிப் பிரித்தாய்? யாருக்காவது இரண்டு புடவைக் கூலி சேர்த்துக் கொடுத்திருந்தால் கணக்கு அந்த இடத்தில் உடையும். தேதி தேதியாகப் பார்த்து எழுது. நேற்று டைப் பண்ணிக்கொண்டிருக்கும்போதே இந்த எண்ணம் வந்து வேறு கிளையன்ட்டின் ரிட்டர்னில் உன் பெயரை அடித்துவிட்டேன்.

இதோடு ரசீதுத் தாள் நாற்பது அனுப்பியிருக்கிறேன். நோட்டில் இருக்கிறபடி பெயர், தேதி, கூலி எழுதி ஒவ்வொருவரிடமும் கையெழுத்து வாங்கு. ஒரு தாளில் நாலைந்து புடவை எழுதலாம்.

அப்பாவிடம் போனில் கேட்டேன். "அவளையே கேளு" என்றார். அதற்கு மேல் பேசாமல் அம்மாவிடம் கொடுத்துவிட்டார். அம்மா மார்கழிக் கோலப்பொடி விலை பற்றிப் பேசினாள். எங்கள் வீட்டில் யாரும் எதையும் நேராகச் சொல்வதில்லை, உனக்குத் தெரியும்.

பதினெட்டு நாள்தான் இருக்கிறது.

மஹா


ஐயம்பேட்டை
18.12.2025

மஹா,

உடையவில்லை! ஐந்து நோட்டையும் வரி வரியாகப் பார்த்துவிட்டேன். நம் ஊர்ப் பழக்கம்தான் காப்பாற்றியது. தறியிலிருந்து புடவையை அறுக்கிற அன்றே கூலி கொடுத்துவிட வேண்டும், அடுத்த நாளுக்கு வைக்கக் கூடாது என்பார்கள் இல்லையா. பன்னிரண்டு பதின்மூன்று நாளுக்கு ஒரு புடவைதான் அறுப்பார்கள். அதனால் எந்த நாளிலும் யார் கையிலும் ஒரு கூலிக்கு மேல் போகவில்லை. தீபாவளி எண்பதாயிரம் பதினேழு நாள் என் பீரோவில் கிடந்து ஒவ்வொன்றாகப் போயிருக்கிறது.

கையெழுத்துதான் பெரும் பாடு. "இவ்ளோ சம்பாதிச்சேன்னு எழுதிக் குடுத்தா வூட்டுக்காரிக்கு மாசாமாசம் வர்ற ஆயிரம் நின்னுடும்" என்று எல்லோருக்கும் பயம். மகளிர் உரிமைத் தொகைக்கு வருமான வரம்பு இருக்கிறது, உங்கள் கூலி அதற்குள்தான் வருகிறது என்று படித்துப் படித்துச் சொன்னேன். சிவபாலன் அண்ணன் மூன்று நாள் நடக்கவிட்டார். தர்மன் கையெழுத்துப் போட்டுவிட்டு, திரும்பக் கொடு கிழித்துவிடுகிறேன் என்று தெருமுனைவரை பின்னாலேயே வந்தார். ஐந்து பேர் முடிந்தது.

உன் அப்பா தரவில்லை. நான் போய் நின்றபோது நெய்துகொண்டிருந்தார், மிதியை நிறுத்தவில்லை. "நோட்டைக் குடுங்கப்பா, தேதி எழுதிக்கினு தந்துடறேன்" என்றேன். "நோட்டு காணோம்மா" என்றார். நோட்டு அவர் தலைக்கு மேலே மாடத்தில்தான் இருந்தது. நானும் பார்த்தேன், நான் பார்ப்பதை அவரும் பார்த்தார்.

இன்னொன்று. பட்டம்மாள் அக்கா உன்னிடம் பேசப்போவதாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார். போன் வந்தால் எடுக்காதே.

சுகா


சேலம்
22.12.2025

சுகா,

எடுத்தேன். நீ எடுக்காதே என்று எழுதினால் எடுக்காமல் இருப்பேன் என்று நினைத்தாயா?

யோசனை கொடுத்தது என் அப்பா. போன வருஷம் ஏப்ரலில் ஆறு பேரையும் கூட்டிக்கொண்டு உன் வீட்டுக்கு வந்து, "எங்க பேங்க்ல ஏறினா ஆயிரம் நின்னுடும், உன் கணக்குல வாங்கி ரொக்கமா குடுமா, நீ படிச்ச பொண்ணு" என்று கேட்டது அவர். நீ வேண்டாம் என்றதும் இரண்டாம் தடவை வந்தது அவர். முதல் புடவைக்கு எண்ணூற்றைம்பது குறைந்தபோது கம்பெனி அனுப்பிய பேப்பரை நீ படித்துக் காட்டியதும் அவருக்குத்தான். எல்லாம் தெரிந்துகொண்டே இந்த வருஷம் ஜூன் மாதம் எனக்குப் போன் செய்து, "உன் சிநேகிதி எங்க காசுல கை வெச்சிக்கினா" என்று சொன்னார். நான் உன்னைக் கேட்டேன். நீ எப்போதாவது அவரைக் கேட்டுப் பார் என்றுகூடச் சொல்லவில்லை.

ஏன் சொல்லவில்லை? எனக்கும் அப்பாவுக்கும் சண்டை வரும் என்றா? நீ என்ன பெரிய தியாகியா? உன் மேல் எனக்குக் கோபம் கோபமாக வருகிறது சுகா. அதைவிட அதிகமாக என் மேல் வருகிறது, அதை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று தெரியவில்லை. மூன்று நாளாக ஆபீஸில் எல்லோர் மேலும் எரிந்து விழுகிறேன்.

லீவு கேட்டிருக்கிறேன். 26ஆம் தேதி வருகிறேன். நோட்டோடுதான் திரும்புவேன்.

மஹா


ஐயம்பேட்டை
27.12.2025

மஹா,

நீ வந்ததும் தெரியும், போனதும் தெரியும். உங்கள் வீட்டில் போட்ட சத்தம் மூன்று தெருவுக்குக் கேட்டதாம். என் வீட்டுக்கு ஷேர் ஆட்டோவில் கால் மணி நேரம். கேக் எடுத்து வைத்திருந்தேன். நீ வராமல் பட்டம்மாள் அக்கா கையில் கவரைக் கொடுத்துவிட்டு பஸ் ஏறிவிட்டாய். அக்காவைக் கேட்டேன். "அது மூஞ்சியே சரியில்லமா, நான் என்னாத்த கேக்கிறது" என்றார்.

கவரில் நோட்டு இல்லை. இரண்டு விதமாகப் போட்ட கணக்கு மட்டும் இருந்தது. பார்த்தேன். உன் அப்பா கையெழுத்துப் போட்டால் அபராதம் ஆயிரம். போடாவிட்டால் அவர் கூலியைச் செலவாகக் கழிக்காமல் என் வருமானத்திலேயே விட்டுவிட வேண்டும், அப்போது மொத்தம் ஐந்து லட்சத்தைத் தாண்டும், அபராதம் ஐயாயிரம். ஆனாலும் ஏழு லட்சத்துக்குள் இருப்பதால் வரி இல்லை. சரியாகப் புரிந்துகொண்டேனா?

அப்படியானால் இரண்டாவதையே போடு. உன் அப்பாவின் கையெழுத்துக்கு நாலாயிரம் ரூபாய், அதை நான் கொடுத்துக்கொள்கிறேன். அவர் பங்கு ரீஃபண்டில் வந்தால் ஒரு பைசா குறையாமல் அவருக்குப் போகும். இனி அவரிடம் எதுவும் கேட்காதே. நானும் கேட்க மாட்டேன்.

பாஸ்வேர்டு பின்பக்கம் எழுதியிருக்கிறேன். இந்தக் கடிதத்தை சேலம் பஸ் கண்டக்டர் கையில் கொடுத்தனுப்புகிறேன், கூரியரை இனி நம்ப முடியாது. ஓடிபி என் போனுக்குத்தான் வரும் என்று அந்தக் கணக்கின் கீழே எழுதியிருந்தாய். அதற்கும் வழி இருக்கிறது. நான் அக்கா வீட்டில் உட்கார்ந்திருப்பேன். நீ அக்கா நம்பருக்குப் போடு.

நாலு நாள்.

சுகா


சேலம்
31.12.2025

சுகா,

காலை பதினொன்று நாற்பதுக்கு ரிட்டர்ன் போய்விட்டது, சரிபார்ப்பும் முடிந்தது. இன்று சைட் திணறியது. இரண்டு தடவை நடுவில் நின்று வெளியே தள்ளியது. அக்கா ஓடிபியை மூன்று தடவை சொல்ல வேண்டியிருந்தது. கடைசித் தடவை பின்னால் உன் குரல் கேட்டது. "ஏழு இல்லக்கா, ஒண்ணு, ஒண்ணு" என்று கத்தினாய். ஐந்து மாதத்துக்குப் பிறகு உன் குரல். நம்பரைத் தப்பாக அடித்துவிட்டேன், அதனால்தான் இன்னொரு தடவை கேட்டேன். சைட் மேல் பழி போட்டேன்.

அபராதம் ஐயாயிரத்தை ரீஃபண்டில் கழித்துக்கொள்வார்கள். மீதி ஒரு லட்சத்து எண்பதாயிரத்து எழுநூறு உன் கணக்குக்கு வரவேண்டும். எப்போது என்று நான் வாக்குக் கொடுக்க மாட்டேன்.

26ஆம் தேதி ஏன் உன் வீட்டுக்கு வரவில்லை என்று எழுதவேண்டும். நாலு நாளாகத் தள்ளிப்போட்டேன்.

அப்பாவிடம் சண்டை போட்டேன். "நீங்கதானே அவகிட்ட போய்க் கேட்டீங்க, வரி புடிச்சது உங்களுக்குத் தெரியும், அப்புறம் ஏன் அவ எடுத்தான்னு சொன்னீங்க?" என்று கேட்டேன். தறியில் அறுந்த இழை ஒன்றை முடிந்தார். பிறகு சாதாரணமாக, கோபமே இல்லாமல் சொன்னார். "காசு வர லேட் ஆச்சு, சந்தேகம் வந்துச்சு. நம்மாளுங்க வூட்டுப் பொண்ணா இருந்தா வந்திருக்காதுமா."

நான் கத்தினேன். வாயில் வந்ததெல்லாம் சொன்னேன். உன் வீட்டுக்கு வந்து, அப்பாவுக்குப் புத்தி இல்லை என்று சொல்லி, உன்னைக் கட்டிக்கொண்டு அழலாம் என்றுதான் கிளம்பினேன். ஆட்டோவில் ஏறி உட்கார்ந்தும்விட்டேன். அப்போதுதான் நினைத்துப் பார்த்தேன். என் சித்தி மகள் கணக்கில் அந்தப் பணம் வந்திருந்து, அப்பா அதையே சொல்லியிருந்தால் நான் என்ன செய்திருப்பேன்? முதலில் அப்பாவைத்தான் கேட்டிருப்பேன், "என்னப்பா உளறிக்கினு இருக்கீங்க" என்று. உன்னிடம் நேராக, "எடுத்துக்கினியா" என்று கேட்டேன்.

உன்னோடு ஒரே டப்பாவில் சாப்பிட்டவள் நான். அப்பாவின் அந்த 'நம்மாளுங்க' என்னிடம் இல்லை என்று இத்தனை வருஷம் நினைத்திருந்தேன். இருந்திருக்கிறது. ஆட்டோவை நிறுத்தி இறங்கிவிட்டேன். உன் முகத்தைப் பார்க்க வெட்கமாக இருந்தது.

மன்னித்துவிடு என்று எழுத எனக்கு உரிமை இருக்கிறதா என்று தெரியவில்லை.

மஹா


ஐயம்பேட்டை
11.2.2026

மஹா,

ஆறாம் தேதி காலையில் பணம் வந்தது. சரியாக நீ எழுதிய தொகை. பயத்தில் ஒரு மணி நேரம் யாருக்கும் சொல்லவில்லை, மறுபடி மறுபடி போனை எடுத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இந்தத் தடவை ரொக்கம் இல்லை. ஆறு பேரின் பங்கையும் அவரவர் பேங்க் கணக்கிலேயே போட்டேன். கம்பெனிக்கும் எழுதிவிட்டேன், ஏப்ரலில் இருந்து கூலி நேராக நெய்கிறவர்களுக்குப் போகவேண்டும், எனக்கு டிசைன் காசு மட்டும் போதும் என்று. பட்டம்மாள் அக்கா காப்பி கொடுத்தார், சிவபாலன் அண்ணன் சிரித்தார். தெருவில் தறிச் சத்தம் நிற்கவில்லை. அந்த வாலாஜாபாத் பிளாட்டைத்தான் இனி யாருக்காவது விற்க வேண்டும்.

உன் அப்பா மறுநாள் சைக்கிளில் வந்தார். இறங்காமல் ஒரு காலை ஊன்றி நின்றபடி, "வந்துடுச்சுமா" என்றார். "உள்ள வாங்கப்பா" என்றேன். "இருக்கட்டும்" என்று சொல்லித் திருப்பிக்கொண்டு போய்விட்டார். அவ்வளவுதான்.

உன் கடிதத்துக்கு ஆறு வாரமாகப் பதில் எழுதவில்லை. நாலு தடவை ஆரம்பித்துக் கிழித்தேன். நீ கண்டுபிடித்ததாக எழுதியிருப்பது எனக்கு ஜூலையிலேயே தெரியும் மஹா. அந்தக் கேள்வியைக் கேட்டு முடிப்பதற்குள் தெரிந்துவிட்டது. உன் அப்பா சொன்னது எனக்கு வலிக்கவில்லை. அந்த மாதிரிப் பேச்சு பிறந்ததிலிருந்து கேட்டுப் பழகியதுதான். உன் வாயிலிருந்து வரும் என்றுதான் நினைக்கவில்லை. அதனால்தான் போனை வைத்தேன். அது அப்படி இருக்காது, கோபத்தில் கேட்டிருப்பாள் என்று உன் கடிதம் வரும்வரை ஐந்து மாதமும் எனக்கு நானே சொல்லிக்கொண்டு வந்தேன். நீயே எழுதிவிட்டாய். இனி அந்தச் சமாதானமும் இல்லை.

மன்னித்துவிட்டேன் என்று எழுதினால் பொய். மாட்டேன் என்று எழுதினாலும் பொய்தான். ஆனால் உன் கடிதத்தைக் கிழிக்கவில்லை. என்னிடம் யாரும் இதுவரை அதை வாய்விட்டு ஒப்புக்கொண்டதில்லை.

அடுத்த தடவை ஊருக்கு வந்தால் பாதி வழியில் இறங்காதே. நேரே இங்கே வா. கதவைத் திறப்பேன். பேசுவேனா என்று இப்போது சொல்லத் தெரியவில்லை.

சுகா